சோர்ந்த மனத்துக்கு மாத்திரை: ஒரு சென்னைப் பேராசிரியரின் கதை

ஜுரம் வந்தால் மருந்து உண்டு. வயிற்றுவலிக்கு மருந்து உண்டு. மனம் சோர்ந்துபோனால்?

சோறு பிடிக்கவில்லை. தூக்கம் வரவில்லை. பெற்ற பிள்ளை ஓடிவந்து மடியில் ஏறினாலும் சிரிப்பு வரவில்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. இப்படி ஒருவர் மாதக்கணக்கில் மூலையில் உட்கார்ந்துவிட்டால், அதற்கும் மருந்து உண்டா?

உண்டு. அந்த மருந்துகளில் ஒன்று இந்தியாவிலேயே பிறந்தது. அதன் ரசாயனப் பெயர் நைட்ராக்சசெபின். கடைப் பெயர் சின்டமில். காதில் விழும்போது ஏதோ தமிழ்ச் சொல் போலவே இருக்கும்.

அந்த மருந்து பிறந்த ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைவராக இருந்தவர் சென்னைக்காரர். டாக்டர் டி.ஆர்.கோவிந்தாச்சாரி என்பது அவர் பெயர். செடிகொடிகளின் ரசாயனத்தைப் படித்தவர்களிடம் டி.ஆர்.ஜி. என்று மூன்றெழுத்தைச் சொன்னாலே போதும். உலகத்தின் எந்த மூலையிலும் தெரிந்துகொள்வார்கள். ஆனால் அந்த மாத்திரையை விழுங்கி எழுந்து நடமாடியவர்களில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

அவருடைய கதை இது.

கடற்கரைக் கல்லூரி

கோவிந்தாச்சாரி 1915-ஆம் வருஷம் ஜூலை 30-ந் தேதி சென்னையில் பிறந்தார். தகப்பனார் பெயர் ராஜகோபாலாச்சாரி. பெயருக்கு முன்னால் நிற்கும் டி என்ற எழுத்து தூத்துக்குடியைக் குறிக்கும்.

அவர் படித்தது சென்னை மாநிலக் கல்லூரியில். கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதே, அந்தச் சிவப்புக் கட்டடம்தான். 1840-இல் தொடங்கிய கல்லூரி அது. சர் சி.வி.ராமன் படித்த கல்லூரி. அங்கே ரசாயனப் பேராசிரியராக இருந்தவர் பி.பி.டே என்ற வங்காளி. கோவிந்தாச்சாரிக்கு அவர்தான் குரு. அவரிடம் ஆராய்ச்சி செய்துதான் டாக்டர் பட்டம் வாங்கினார்.

எதைப் பற்றி ஆராய்ச்சி? ஆல்கலாய்டு என்று ஒருவகைச் சரக்கு உண்டு. செடிகளில் இருப்பது. காப்பிக்கொட்டையில் உள்ள காபீன் ஓர் ஆல்கலாய்டு. புகையிலையில் உள்ள நிக்கோட்டின் இன்னொன்று. மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுத்த கொயினாவும் அந்த ஜாதிதான். அபினியும் இந்தச் சரக்குகளால்தான் அபினி. கொஞ்சமாக உடம்புக்குள் போனாலும் வேலையைக் காட்டிவிடும். நல்ல வேலையோ கெட்ட வேலையோ, அளவைப் பொறுத்தது.

இந்தச் சரக்குகள் எப்படி அமைந்திருக்கின்றன, அவற்றை மனிதனே செய்ய முடியுமா என்பதுதான் கோவிந்தாச்சாரியின் கேள்வி. கடைசிவரை அந்தக் கேள்வியை அவர் விடவில்லை.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்தது. அவர் கப்பலேறி அமெரிக்கா போனார். இல்லினாய் சர்வகலாசாலையில் ரோஜர் ஆடம்ஸ் என்ற பெரிய ரசாயன மேதை இருந்தார். அவரோடு சேர்ந்து, ஆடுமாடு தின்றால் ஈரல் கெட்டுச் சாகும் ஒருவகைப் பூண்டின் ஆல்கலாய்டுகளை ஆராய்ந்தார். 1949-இல் அந்த ஆராய்ச்சி அச்சில் வந்தது. இருவர் பெயரும் சேர்ந்து வந்தது.

அமெரிக்காவிலேயே தங்கியிருக்கலாம். தங்கவில்லை. படித்த கல்லூரிக்கே வாத்தியாராகத் திரும்பி வந்தார்.

வரப்பில் முளைத்த கீரை

விருத்தாசலத்தை அடுத்து பெண்ணாடம் என்று ஓர் ஊர். சைவ உலகம் கொண்டாடும் மெய்கண்டார் பிறந்த ஊர் என்று சொல்வார்கள். அந்தப் பக்கத்துக் கழனி வரப்புகளில், ஈரம் இருக்கிற இடமெல்லாம், கரிசலாங்கண்ணி முளைத்துக் கிடக்கும். வெள்ளைப் பூப் பூப்பது ஒன்று, மஞ்சள் பூப் பூப்பது ஒன்று. மஞ்சள் காமாலை வந்தவருக்கு அரைத்துக் கொடுப்பார்கள். தலைமயிர் கறுக்க எண்ணெய் காய்ச்சுவார்கள். பாட்டிமார்களுக்கு இது தெரிந்த சங்கதி.

அந்தக் கீரைக்குள்ளே என்ன இருக்கிறது? கோவிந்தாச்சாரி அதைத்தான் எடுத்துக்கொண்டார். கே.நாகராஜன், பி.ஆர்.பாய் என்ற இருவர் அவரோடு சேர்ந்தார்கள். 1956-இல் மஞ்சள் கரிசலாங்கண்ணியிலிருந்து வெடலோலாக்டோன் என்ற பொருளைப் பிரித்து, அதன் உள்ளமைப்பு இன்னதுதான் என்று லண்டன் ரசாயனச் சங்கத்தின் பத்திரிகையில் வெளியிட்டார்கள். வெள்ளைக் கரிசலாங்கண்ணியிலும் அதுவே இருக்கிறது. இன்று ஈரல் நோய் ஆராய்ச்சி செய்கிறவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இந்தப் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது.

உள்ளமைப்பைக் கண்டுபிடிப்பது என்றால் என்ன? விருத்தாசலத்துக்காரர்களுக்குப் பீங்கானைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. அவர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். யாரோ ஒரு ஜாடியைப் போட்டு உடைக்கிறார்கள். ஓடுகளை மட்டும் உங்கள் கையில் தருகிறார்கள். வளைந்த ஓடு எது, கழுத்து ஓடு எது, கைப்பிடி எங்கே ஒட்டியிருந்தது என்று தடவிப் பார்த்தே முழு ஜாடியின் படத்தை வரையவேண்டும். வரைந்தால் மட்டும் போதாது. அதேபோல ஒரு ஜாடியைப் புதிதாகச் செய்து, இரண்டும் ஒன்றுதான் என்று காட்டவேண்டும். அப்போதுதான் ஒப்புக்கொள்வார்கள்.

இதில் ஜாடி என்பது கண்ணுக்கே தெரியாத அணுக்கூட்டம்! அன்றைக்கு மாநிலக் கல்லூரியில் பெரிய கருவிகள் ஏது? கண்ணாடிக் குடுவை, பீங்கான் கிண்ணம், அடுப்பு, தராசு, அத்தோடு பொறுமை. இலையை மூட்டை மூட்டையாக வாங்கி, சாராயத்தில் ஊறவைத்து, வடித்து, வற்றவைத்து, கடைசியில் ஒரு சிட்டிகைப் பொடி எடுப்பார்கள். அந்தச் சிட்டிகையை வைத்துக்கொண்டுதான் வருஷக்கணக்கில் போராட்டம்.

நஞ்சறுப்பான் என்ற கொடியை அறிவீர்களா? ஆஸ்துமாவுக்கு நாட்டு வைத்தியர்கள் கொடுப்பார்கள். அதில் உள்ள டைலோபோரின் என்ற ஆல்கலாய்டையும் இவர்கள்தான் துருவி எடுத்தார்கள். ஏழிலைப்பாலை மரப்பட்டையையும் விடவில்லை. வெளிநாட்டு விஞ்ஞானிகள் சென்னைக் கல்லூரி ஒன்றிலிருந்து வரும் கட்டுரைகளை எதிர்பார்த்துப் படிக்கும் காலம் வந்தது.

அரசாங்கமும் கண் திறந்தது. சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு இந்திய விஞ்ஞானிகளுக்குக் கொடுக்கும் பெரிய பரிசு. 1960-இல் ரசாயனத்துக்காக அந்தப் பரிசை முதன்முதலில் வாங்கியவர் கோவிந்தாச்சாரி. பிறகு மாநிலக் கல்லூரிக்கே பிரின்ஸ்பாலும் ஆனார்.

பம்பாய்க்குப் பயணம்

1963-இல் அவர் வாழ்க்கை திரும்பியது. சிபா என்ற சுவிட்சர்லாந்துக் கம்பெனி, பம்பாயை அடுத்த கோரேகாவில் ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையத்தைக் கட்டியது. பிரதம மந்திரி நேருவே வந்து திறந்துவைத்தார். அதற்கு டைரக்டராகக் கோவிந்தாச்சாரி போனார்.

சர்க்கார் கல்லூரி பிரின்ஸ்பால் உத்தியோகத்தை விட்டுவிட்டு வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போகலாமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் மருந்து வெளிநாட்டிலிருந்து வரும். இங்கே மாத்திரையாக இடித்துப் புட்டியில் அடைப்பார்கள். புது மருந்தை இங்கேயே கண்டுபிடிப்பது என்ற பேச்சே அபூர்வம். கோரேகாவில் அதற்கு இடம் கிடைத்தது. நல்ல கருவிகள் கிடைத்தன. சென்னையில் தயாரான மாணவர்கள் பலரும் குருவைத் தொடர்ந்தே பம்பாய் போனார்கள். நாகராஜன் போனார். எஸ்.ராஜப்பா, என்.விஸ்வநாதன், பி.சி.பார்த்தசாரதி இவர்களும் அங்கே சேர்ந்தார்கள்.

இந்தச் சிபா கம்பெனிக்கும் நம் தென்னார்க்காட்டுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. அதைச் சொல்லாமல் போகக்கூடாது.

பெண்ணாடம் இன்று கடலூர் மாவட்டம். அன்று தென்னார்க்காடு ஜில்லா. சென்னை ராஜதானியில் அவுரி பயிரிட்ட முக்கியமான ஜில்லாக்களில் அது ஒன்று. அவுரித் தழையைத் தொட்டியில் ஊறவைத்து, அடித்து, நீலச் சாயம் எடுத்துக் கப்பலில் ஏற்றுவார்கள். அந்த வியாபாரத்தில் மண் விழுந்தது எப்படி? ஐரோப்பாவில் ரசாயனக்காரர்கள் நிலக்கரித் தாரிலிருந்து சாயம் செய்யக் கற்றுக்கொண்டார்கள். 1897-இல் ஜெர்மன் கம்பெனி ஒன்று செயற்கை நீலத்தை விற்க வந்தது. அவுரி வயல்கள் ஓய்ந்தன.

அப்படிச் சாயம் காய்ச்சிப் பிழைத்த ஊர்களில் ஒன்று சுவிட்சர்லாந்தின் பாசல். சிபாவின் வேர் 1859-இல் அங்கே தொடங்கிய ஒரு சாயப்பட்டறை. பக்கத்திலேயே கெய்கி என்ற கம்பெனி. அதுவும் சாயக் கம்பெனிதான். சாயம் செய்யத் தெரிந்த கை மருந்தும் செய்யப் பழகியது. நம் கழனியில் நீலத்தை ஒழித்த அதே வித்தையிலிருந்துதான், பிறகு மனநோய் மாத்திரை பிறந்தது. உலகம் இப்படியும் சுற்றி வருகிறது!

ஏரிக்கரை ஆஸ்பத்திரி

இனி அந்த மாத்திரையின் கதைக்கு வருவோம்.

மனச்சோர்வு என்பது சோம்பல் இல்லை. திமிரும் இல்லை. அது ஒரு வியாதி. ஆனால் நம் வீடுகளில் என்ன சொல்வார்கள்? காற்றுக் கருப்பு அடித்துவிட்டது என்பார்கள். செய்வினை என்பார்கள். மருமகளாக இருந்தால் வேலைக்குக் கள்ளம் என்பார்கள். தாயத்துக் கட்டுவார்கள். வேப்பிலை அடிப்பார்கள். திருச்சிப் பக்கம் குணசீலத்தில் பெருமாள் சந்நிதியில் கொண்டுபோய் விடுவார்கள். ரொம்ப முற்றினால் கீழ்ப்பாக்கம். 1950-களின் தொடக்கத்தில் அங்கே கொண்டுபோனாலும், இந்த வியாதியைக் கிளப்ப டாக்டர்கள் கையில் இருந்த பலமான வழி தலைக்கு மின்சார அதிர்ச்சி கொடுப்பதுதான்.

சுவிட்சர்லாந்தில் ஓர் ஏரிக்கரை. மூன்ஸ்டர்லிங்கன் என்று ஒரு மனநோய் ஆஸ்பத்திரி. அங்கே ரோலண்டு கூன் என்று ஒரு டாக்டர். கெய்கி கம்பெனி ஒரு புதுச் சரக்கை அவருக்கு அனுப்பியது. வேறொரு மனநோய்க்காக அனுப்பியது. அந்த நோய்க்கு அது உதவவில்லை. 1956 ஜனவரியில், கடுமையான மனச்சோர்வால் வாடிய ஒரு பெண்மணிக்குக் கூன் அதைக் கொடுத்தார். ஆறே நாளில் அந்த அம்மாள் தெளிந்தார். இன்னும் சிலருக்கும் கொடுத்துப் பார்த்தார். அவர்களும் தெளிந்தார்கள்.

1957-இல் ஜூரிச் நகரத்து மாநாட்டில் கூன் இதைச் சொன்னபோது, கேட்க வந்தவர்கள் ஏறக்குறைய ஒரு டஜன் பேர்தானாம்! அந்தச் சரக்குக்கு இமிப்ரமின் என்று பெயர். மனச்சோர்வுக்கு வந்த மூவளைய மருந்துகளில் அதுதான் முதலாவது.

ஒன்றை மறைக்கக்கூடாது. அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் சம்மதம் வாங்காமலே எத்தனையோ சரக்குகளைச் சோதித்தார்கள் என்று 2019-இல் வெளியான சரித்திர ஆராய்ச்சி காட்டியது. பல பேருக்கு விளக்கேற்றிய மருந்துதான். ஆனால் அதன் பிறப்பில் இந்த இருட்டும் இருந்தது.

மூன்று வளையம்

மூவளைய மருந்து என்றால் என்ன? பெண்டிர் கோலம் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் பக்கத்தில் மூன்று வளையம். இரண்டு ஓரத்து வளையங்களும் ஆறு மூலை உடையவை. நடு வளையத்துக்கு ஏழு மூலை. நடு வளையத்திலிருந்து ஒரு வால் தொங்கும். கோலத்தில் புள்ளி வைக்கிற இடத்தில் இங்கே அணு இருக்கும். அவ்வளவுதான்.

இது மூளையில் என்ன செய்கிறது? மூளையில் நரம்புக்கு நரம்பு சேதி போகிறது. ஒரு நரம்பின் நுனியில் சில ரசாயனத் துளிகள் சுரக்கும். அடுத்த நரம்பைத் தட்டும். வேலை முடிந்ததும் சுரந்த நரம்பே துளிகளைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். செரட்டோனின், நார்அட்ரினலின் என்பவை அப்படிப்பட்ட துளிகள். மூவளைய மருந்து அந்த உறிஞ்சும் வாயை அடைக்கிறது. துளிகள் கூடுதல் நேரம் தங்கி வேலை செய்கின்றன. ஆனால் விழுங்கிய அன்றே மனம் தெளிவதில்லை. பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் ஆகும். துளி தங்குவது சில மணி நேரத்திலேயே நடக்கிறது. மனம் தெளிய ஏன் வாரக்கணக்கு ஆகிறது என்பதில் விஞ்ஞானிகளே இன்னும் வாதாடுகிறார்கள்.

கோரேகாவில் நாகராஜனும் மற்றவர்களும் இந்தக் கோலத்தை எடுத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போட்டார்கள். நடு வளையத்தில் நைட்ரஜனோடு ஓர் ஆக்சிஜன் அணுவையும் வைத்தார்கள். ஓரத்து வளையம் ஒன்றில் நைட்ரோ என்ற தொகுதியை ஒட்டினார்கள். வாலை இமிப்ரமினில் உள்ளதுபோலவே விட்டார்கள். சொல்ல இரண்டு வரி. செய்வது அப்படியா? ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு புதுப் பொருளைச் சமைக்கவேண்டும். சுத்தம் பண்ணவேண்டும். எலிக்குக் கொடுத்துப் பார்க்கவேண்டும்.

எலிக்கு மனச்சோர்வு வருமா என்று கேட்பீர்கள். இங்கே நம் நாட்டுச் செடி ஒன்று குறுக்கே வருகிறது. சர்ப்பகந்தி வேர். அதிலிருந்து ரிசெர்பின் என்ற ஆல்கலாய்டை 1952-இல் பிரித்தவர்களே பாசலில் இருந்த சிபா விஞ்ஞானிகள்தான். ரத்தக்கொதிப்புக்கு நல்ல மருந்து. ஆனால் அதைச் சாப்பிட்ட சிலர் மனம் சோர்ந்துபோனார்கள். எலிக்குக் கொடுத்தால் இமை தொங்கிச் சுருண்டு உட்கார்ந்துவிடும். புதுச் சரக்கு அந்த எலியை எழுப்பிவிட்டால், மனிதனிடம் சோதித்துப் பார்க்கலாம் என்று அர்த்தம். அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் மருந்து நிலையங்கள் கையாண்ட சோதனை இது.

இப்படிப் பிறந்ததுதான் சின்டமில். இந்திய மனநல டாக்டர்கள் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குணம் இமிப்ரமினைப் போல இருந்தது. வாய் உலர்வது முதலிய தொல்லைகள் குறைவு என்று கண்டார்கள். 1982 வாக்கில் அது இந்திய மருந்துக்கடைக்கு வந்தது. வளர்ந்த குழந்தைகள் ராத்திரியில் படுக்கையை நனைப்பதற்கும் டாக்டர்கள் இதை எழுதிக் கொடுத்தார்கள். மூவளைய மருந்துகளுக்கு அந்தக் குணமும் உண்டு.

ஓர் எச்சரிக்கை. இவை மிட்டாய் இல்லை. வாய் உலரும், மலம் கட்டும், பார்வை மங்கும், நெஞ்சு படபடக்கும். அளவு மீறினால் இதயத்தையே நிறுத்திவிடும். டாக்டர் சொல்லாமல் தொடங்கவும் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது. பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்கவேண்டும். வீட்டில் யாராவது வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னால் மாத்திரைப் புட்டியை அவர் கையில் விடக்கூடாது. உடனே டாக்டரிடம் அழைத்துப் போகவேண்டும். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால், அரசாங்கத்தின் டெலி-மானஸ் சேவையில் தமிழிலேயே பேசலாம். காசு கிடையாது.

மருந்தும் சட்டமும்

மாத்திரை கடைக்கு வருவதற்கு முன்பே, 1975-இல், கோவிந்தாச்சாரி கோரேகாவை விட்டு வந்துவிட்டார். 12 வருஷம் அங்கே இருந்தார். அந்த நிலையத்தின் பெயரைச் சொல்ல சின்டமில் ஒன்று மட்டும் இல்லை. சீதபேதிக்குக் கொடுக்கும் சாட்ரானிடசோல் என்ற மருந்தும் அங்கே பிறந்ததுதான்.

செடிகளையும் அவர் மறக்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் மாப்பியா என்று ஒரு மரம். வெட்டினால் துர்நாற்றம் வீசும். சீனாவில் ஒரு மரத்தில் கேம்ப்டோதெசின் என்ற பொருளை 1966-இல் அமெரிக்கர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். புற்றுநோயை எதிர்க்கும் பொருள். அது நம் மாப்பியா மரத்திலும் நிறைய இருக்கிறது என்று 1972-இல் கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும் காட்டினார்கள். இன்று ஆஸ்பத்திரிகளில் ஏற்றும் சில புற்றுநோய் மருந்துகளுக்கு அதுதான் மூலச்சரக்கு. இதனால் ஒரு கேடும் வந்தது. மூலச்சரக்குக்காக மரத்தை வெட்டி வெட்டி, காட்டில் மாப்பியா அருகிவிட்டது.

அதே மலையில் ஒரு கொடி. அதிலிருந்து ஆன்சிஸ்ட்ரோக்ளாடின் என்ற ஆல்கலாய்டை அவரும் பார்த்தசாரதியும் எடுத்தார்கள். அதுபோன்ற அமைப்பை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. பிற்பாடு ஆப்பிரிக்கக் காடுகளில் அதன் உறவுக்காரச் சரக்குகள் கிடைத்தன. மலேரியாவுக்கும் எய்ட்ஸுக்கும் எதிராக அவற்றைச் சோதித்தார்கள். ஜெர்மனியில் ஒரு பெரிய கூட்டமே இந்த ஜாதிச் சரக்குகளைத் தொடர்ந்து ஆராய்ந்தது. எல்லாவற்றுக்கும் தலைமகன் கோரேகாவில் பிறந்தது.

இவ்வளவு பெரிய நிலையம் இன்று எங்கே? இல்லை. மூடிவிட்டார்கள். சிபாவும் கெய்கியும் 1970-இல் ஒன்றாகி, 1996-இல் நோவார்ட்டிஸ் என்ற பெயருக்குள் போய்விட்டன.

மூடியதற்குப் பல காரணம் சொல்வார்கள். அவற்றில் ஒன்று சட்டம். 1970-இல் இந்தியா ஒரு புது பேட்டண்ட் சட்டம் செய்தது. 1972-இல் அமலுக்கு வந்தது. மருந்துக்கே ஏகபோக உரிமை கிடையாது, செய்யும் முறைக்கு மட்டும்தான் உரிமை என்றது அந்தச் சட்டம். வேறு முறையில் அதே மருந்தை யாரும் செய்யலாம். விலை சரிந்தது. ஏழைக்கும் மாத்திரை எட்டியது. பெண்ணாடம் கடைவீதியில் ஒரு விவசாயி மனச்சோர்வுக்கோ ரத்தக்கொதிப்புக்கோ மாத்திரை வாங்க முடிகிறதென்றால் அதில் இந்தச் சட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதே சமயம், கோடிக்கணக்கில் செலவழித்துப் புது மருந்து தேடுவதற்கு வெளிநாட்டுக் கம்பெனிக்கு இருந்த ஆசையும் சுருங்கியது. 2005-இல் சட்டத்தை மறுபடி மாற்றினார்கள். அதற்குள் கோரேகாவ் பழங்கதை ஆகிவிட்டது. மலிவு மருந்துக்கு நாம் கொடுத்த விலை இது. கொடுத்தது சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் அந்த நிலையத்தை நினைத்தால் மனம் வலிக்கத்தான் செய்கிறது.

சின்டமிலும் பின்னால் தள்ளப்பட்டது. 1980-களின் கடைசியிலிருந்து வேறு ஜாதி மாத்திரைகள் வந்தன. தொல்லை குறைவு, அளவு மீறினாலும் ஆபத்து குறைவு. டாக்டர்கள் அவற்றையே எழுதத் தொடங்கினார்கள். இன்று இளம் டாக்டர்கள் பலர் சின்டமில் என்ற பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

மறுபடியும் சென்னை

வயது 60. மற்றவர்களாக இருந்தால் ஈஸிசேரில் சாய்ந்திருப்பார்கள். கோவிந்தாச்சாரி சென்னைக்குத் திரும்பி மறுபடி குடுவையைக் கையில் எடுத்தார்.

தலைவலி வந்தால் நாம் தேடும் மஞ்சள் டப்பா அமிர்தாஞ்சன் இருக்கிறதே, அந்தக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம் மயிலாப்பூர் லஸ்ஸில் இருந்தது. அங்கே சில வருஷம் மூலிகை ஆராய்ச்சியை நடத்தினார். நிலவேம்பு குடும்பத்துச் செடிகளை ஆராய்ந்தார். பிறகு ஸ்பிக் விஞ்ஞான நிலையம். அங்கே வேப்பமரம்.

வேப்பங்கொட்டையில் அசாடிராக்டின் என்ற பொருள் உண்டு. பூச்சியைத் துரத்தும், தின்ன விடாது, வளரவும் விடாது. ஆனால் ஒரே கொட்டையில் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி போன்ற சரக்குகள் பல கலந்து கிடக்கும். அவற்றைத் தனித்தனியாகப் பிரிப்பது மகா கஷ்டம். எழுபது வயதைத் தாண்டிய கிழவர், கீதா கோபாலகிருஷ்ணன் முதலிய இளைய விஞ்ஞானிகளோடு உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தார். பயிருக்கு விஷம் தெளிக்காமல் வேம்பையே தெளிக்கலாம் என்று விவசாயிகள் இன்று பேசுவதற்குப் பின்னால் இந்த மாதிரி உழைப்பு இருக்கிறது.

2001-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கீற்றுக் கொட்டகையில் தீப் பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் கருகிச் செத்தார்கள். மனநோய்க்கு மாத்திரை வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நம் நாட்டிலேயே ஒன்று செய்தும் ஆகியிருந்தது. அந்த மாத்திரைகள் அந்தக் கொட்டகை வரைக்கும் போய்ச் சேரவில்லை. பிறகு அரசாங்கம் அப்படிப்பட்ட கொட்டகைகளை மூடியது. மனநோயாளியைச் சங்கிலியில் கட்டக்கூடாது என்று 2017-இல் வந்த மனநலச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது.

ஏர்வாடியில் தீ எரிந்த அதே வருஷம் டிசம்பர் 28-ந் தேதி கோவிந்தாச்சாரி காலமானார். அவருக்கு வயது 86. வேம்பைப் பற்றி அவர் பெயரில் வந்த ஆராய்ச்சிக் கட்டுரைகள் அந்தக் கடைசி வருஷங்கள் வரைக்கும் அச்சாகிக்கொண்டுதான் இருந்தன.